முகம் தெரியாதவர் சொன்ன மருந்தை அடிக்கலாமா? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பூ எடுக்கும் நேரத்தில் மாமரத்தில் கொத்து கொத்தாகக் கருகுகிறது. ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு "அண்ணா, என்ன அடிக்கலாம்?" என்று கேட்டால் டீ குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். ஒருவர் ஒரு மருந்தின் பேரைச் சொல்வார். அடுத்தவர் அதெல்லாம் விஷம், புளித்த மோர் போதும் என்பார். மூன்றாமவர் நம்பரைப் போட்டு "தனியா பேசுங்க தம்பி" என்பார். மூன்று பேரையும் உங்களுக்குத் தெரியாது. உடம்புக்கு, பத்திரத்துக்கு, போர்வெல்லுக்கு, ஓசூர் சிப்காட்டில் ராத்திரி ஷிப்டில் நின்றுபோன, கம்ப்யூட்டர் கட்டளையில் உலோகம் வெட்டும் சிஎன்சி மெஷினுக்கு என்று இப்போது எல்லாவற்றுக்கும் இப்படித்தான் கேட்கிறோம்.

ஆன்லைனில் யாரையும் நம்பாதே என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஊரில் பூச்சிமருந்துக் கடைக்காரர் நமக்குத் தெரிந்தவர்தான், பேர் சொல்லிக் கூப்பிடுவார், கடனும் கொடுப்பார், ஆனால் எந்த டப்பாவில் அவருக்கு லாபம் அதிகமோ அதுதான் பெரும்பாலும் நம் கைக்கு வரும். முகம் தெரியாத ஆளுக்குச் சில சமயம் அந்த ஆதாயம்கூடக் கிடையாது. அதனால் தெரிந்தவரா தெரியாதவரா என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. நான் பார்க்கச் சொல்வது வேறு: அவர் சொன்னது தப்பாகப் போனால் நஷ்டம் எவ்வளவு, அதைத் திரும்பச் சரிசெய்ய முடியுமா, செய்வதற்கு முன்னால் அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் சரிபார்க்க முடியுமா? கீழே இருக்கும் படிகள் எல்லாம் இந்த மூன்றுக்குள்தான் அடங்கும்.

படி 1: கேட்பதற்கு முன்னால் கேள்வியைத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள்

தப்பாகப் போனாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற விஷயங்கள் ஒரு பக்கம். மொபைல் செட்டிங், தையல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருப்பது, ராகிக் களி கட்டி தட்டுவது, இதையெல்லாம் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், செய்து பாருங்கள், சரியா தப்பா என்று உடனே தெரிந்துவிடும்.

சிஎன்சி மெஷின் கொஞ்சம் நடுவில் நிற்கிறது. அலாரம் நம்பரைச் சொல்லிக் கேட்டால் கோயம்புத்தூரிலிருந்தோ புனேயிலிருந்தோ யாராவது ஒரு அனுபவஸ்தர் சொல்லிவிடுவார், நிறைய நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் "அந்த பாராமீட்டரை மாத்து" என்று அவர் சொன்னால் முதலில் பாராமீட்டர், அதாவது மெஷினின் உள் செட்டிங், முழுவதையும் பேக்கப் எடுத்துவிட்டு, பழைய மதிப்பைத் தாளில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். பேக்கப் இருந்தால் தப்பான யோசனைகூட அரை மணி நேர நஷ்டத்தோடு போய்விடும், இல்லாவிட்டால் சர்வீஸ் ஆள் வரும்வரை மெஷின் நிற்கும். கதவு திறந்திருந்தால் மெஷினை ஓடவிடாத இன்டர்லாக்கை பைபாஸ் பண்ணச் சொல்பவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, அவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

திரும்ப முடியாதவை கடைசி வகை. போர் போட்டுவிட்டால் போட்டதுதான். பத்திரத்தில் கையெழுத்து வைத்தால் வைத்ததுதான். மாமரத்தைப் பூக்க வைக்க வேரில் ஊற்றும் பேக்லோபியூட்ரசால், நம்மூரில் கல்டார் என்றே சொல்லுவோம், மண்ணில் பல மாதம் தங்கக்கூடியது. அதன் அளவு மரத்தின் வயதையும் குடை எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. "மரத்துக்கு இத்தனை மில்லி ஊத்துங்க, வருஷா வருஷம் காய்ப்பு" என்று வீடியோவில் பொதுவாகச் சொல்கிறவர் உங்கள் தோத்தாபுரி மரத்தைப் பார்த்ததில்லை, அது மானாவாரியில் வாடி நிற்கிறதா சொட்டுநீரில் தழைத்து நிற்கிறதா என்றும் அவருக்குத் தெரியாது. இந்த வகையில் ஆன்லைனில் கேட்கலாம், தப்பில்லை, ஆனால் கேட்பது கற்றுக்கொள்வதற்காக மட்டும் இருக்கட்டும். செய்வது வேறு இடத்தில் சரிபார்த்த பிறகுதான்.

படி 2: சிலவற்றைக் கேட்கவே கூடாது

பாம்புக்கடி. நம் இரண்டு மாவட்டத்திலும் ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கள், திண்ணையில் படுப்பவர்கள் அதிகம் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். பாம்பைப் படம் எடுத்துப் போட்டு "இது விஷப் பாம்பா?" என்று கேட்டுக்கொண்டிருப்பது நேரத்தைக் கொல்லும் வேலை. அரசு மருத்துவமனையில் போடும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்குக்கும் சேர்த்துச் செய்த ஒரே மருந்து. எந்தப் பாம்பு என்று குழுவில் தீர்ப்பு வருகிறவரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. "பல்லு பட்ட தடம் இல்லையே, வலியும் இல்லையே, ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொல்வார். கட்டுவிரியன் கடித்தால் தடமும் வலியும் வீக்கமும் தெரியாமலேயே இருக்கலாம், தூக்கத்தில் கடித்திருந்தால் காலையில் கண் இமை சரிந்த பிறகுதான் தெரியவரும். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

பூச்சிமருந்து வாயிலோ மூச்சிலோ போய்விட்டாலும் இதேதான். உப்புத் தண்ணீர் கொடு, வாந்தி எடுக்க வை என்று பதில்கள் கொட்டும், எதையும் செய்யாதீர்கள். மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், என்ன விஷம், என்ன முறிவு என்பதை டாக்டர் அந்த லேபிளிலும் உள்ளே மடித்து வைத்த தாளிலும் பார்த்துக்கொள்வார். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, குழந்தைக்கு வலிப்பு, இதற்கெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை, நேராக ஆஸ்பத்திரிதான்.

படி 3: கேட்கிற விதத்தில் கேளுங்கள்

பாதி கெட்ட பதில்கள் கெட்ட கேள்வியால் வருகின்றன. மாம்பூ கருகுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தத்துப்பூச்சி சாறு உறிஞ்சி, அது விடும் தேன் போன்ற கழிவின் மேல் கரும்பூஞ்சை படர்ந்தாலும் கறுப்பாகத்தான் இருக்கும். பனியும் ஈரமும் சேர்ந்து ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சாண நோய் வந்தாலும் கறுப்புதான். சாம்பல் நோயில் முதலில் வெள்ளைப் பொடி பூசிய மாதிரி இருந்து, அப்புறம் பூ காய்ந்து கொட்டும். முதலாவதற்குப் பூச்சியைக் கட்டுப்படுத்த வேண்டும், மற்ற இரண்டுக்கும் பூஞ்சாணத்தை. தூரத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு மங்கலான படத்தைப் பார்த்து இதில் எது என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறவர் ஊகிக்கிறார்.

அதனால் முழு மரம் ஒரு படம், கொத்து கிட்டத்தில் ஒரு படம், இலையின் அடிப்பக்கம் ஒரு படம். தொட்டால் பிசுபிசு என்று ஒட்டுகிறதா, மரத்தை உலுக்கினால் பூச்சி பறக்கிறதா, தோட்டம் முழுக்கவா ஒரு ஓரத்திலா, எத்தனை நாளாக, கடைசியாக என்ன அடித்தீர்கள், மழையோ பனியோ உண்டா, என்ன ரகம், என்ன வயது. இவ்வளவையும் எழுத உட்கார்ந்தால் பாதி விடை உங்களுக்கே தெரிந்துவிடும், கவனித்திருக்கிறீர்களா?

உடம்பு விஷயம் என்றால் ரிப்போர்ட்டை அப்படியே போடாதீர்கள், பேர், போன் நம்பர், ஆஸ்பத்திரி நம்பர் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். நில விஷயம் என்றால் சர்வே நம்பர், பட்டா நம்பர், ஆதார் எதுவும் பொதுவில் வேண்டாம்.

படி 4: பதிலைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

விஷயம் தெரிந்தவர் பெரும்பாலும் உடனே பதில் சொல்ல மாட்டார், திருப்பி ஏதாவது கேட்பார். "மண் என்ன, தண்ணி எப்படி, மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சு" என்று இழுப்பார். நமக்கோ எரிச்சலாக இருக்கும், அவசரத்தில் கேட்கிறோம் இந்த ஆள் பரீட்சை வைக்கிறாரே என்று. அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள், கேள்வி கேட்பவர்தான் நமக்கு வேண்டிய ஆள். அவர் "இப்படி இருந்தால் இது, அப்படி இருந்தால் அது" என்று நிபந்தனையோடு பேசுவார், தன் எல்லைக்கு வெளியே போனால் "இதுக்கு மேல நேர்ல பார்க்கணும்" என்பார். நூறு சதவீதம் கேரண்டி என்ற வார்த்தை பதிலில் வந்தால் அந்தப் பதிலை அங்கேயே மூடிவிடலாம் என்பது என் கட்சி.

அடுத்து, மருந்துக்குக் கம்பெனிப் பேரை மட்டும் சொல்கிறாரா, உள்ளே இருக்கும் ரசாயனத்தின் பேரைச் சொல்கிறாரா என்று பாருங்கள். ரசாயனத்தின் பேரும், லிட்டருக்கு எவ்வளவு என்ற அளவும், அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதும் சேர்ந்து வந்தால் அந்தப் பதிலைச் சரிபார்க்க முடியும். வெறும் கம்பெனிப் பேரும் ஒரு கடையின் லிங்க்கும் என்றால் அது விளம்பரம். "ஒரு டேங்குக்கு ஒரு மூடி" என்பது அளவே இல்லை, டேங்க் பத்து லிட்டரும் உண்டு பதினாறு லிட்டரும் உண்டு, மூடி கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அப்புறம் இந்தத் தனியாகக் கூப்பிடும் பழக்கம். நாலு பேர் பார்க்கிற இடத்தில் தப்பாகச் சொன்னால் ஐந்தாமவர் திருத்துவார், முகம் தெரியாதவர்கள் கூட்டத்தில் இருக்கும் ஒரே பெரிய லாபமே அதுதான். தனிப் பேச்சுக்குப் போனதும் அந்தக் காவல் போய்விடுகிறது. பொதுவில் சொல்ல முடியாத வைத்தியமோ யோசனையோ எதற்கு நமக்கு?

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. நாம் கேட்ட கேள்வியை ஏஐ-யிடம் போட்டு, வந்ததை அப்படியே தன் அனுபவம் போல ஒட்டிவிடுகிறார்கள். படிக்க அழகாக, வரிசையாக, தலைப்பெல்லாம் போட்டு இருக்கும். "நீங்க எந்த ஊர்ல, எந்த மாசம் இதைச் செஞ்சீங்க, செஞ்ச பிறகு என்ன ஆச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். செய்தவர் நிறுத்த முடியாமல் பேசுவார், ஒட்டியவர் காணாமல் போவார்.

படி 5: "நான் டாக்டர்", "நான் வக்கீல்" என்றால்

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது, ஆனால் அந்த வழிக்கும் ஓர் ஓட்டை உண்டு. டாக்டர் என்றால் பதிவு எண் இருக்கும், தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்திலோ தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்திலோ பேரைப் போட்டுத் தேடலாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி ஆன்லைனில் பார்க்கும் டாக்டர் மருந்துச்சீட்டில் தன் பதிவு எண்ணைப் போட வேண்டும், பேர் ஊர் தெரியாத நோயாளிக்கு அவர் மருந்து எழுதவும் கூடாது. அதாவது சீட்டும் எண்ணும் இல்லாமல், நீங்கள் யார் என்று கேட்காமல் மாத்திரை பேரைத் தட்டிவிடுகிறவர் டாக்டராகவே இருந்தாலும் டாக்டர் வேலையைச் செய்யவில்லை. வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்றால் அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது, இலவசம். வெறும் சந்தேகம் கேட்க அரசின் மருத்துவ உதவி எண் 104.

சர்க்கரையை அடியோடு குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்வதே மருந்து, மாய வைத்திய விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டு சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோய் பேரோடு இருக்கிறது. பட்டம் போலியா என்று துருவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, விளம்பரமே போதுமான சாட்சி. வக்கீல்களுக்கும் அப்படித்தான், பார் கவுன்சில் விதி 36 விளம்பரம் செய்து கட்சிக்காரர் பிடிப்பதைத் தடுக்கிறது. ரீல்ஸ் போட்டு "கால் பண்ணுங்க, ஜெயிச்சுக் கொடுக்கிறேன்" என்கிறவர் முதல் வரியிலேயே தன் தொழில் விதியை மீறுகிறார். பங்குச்சந்தை ஆலோசகர் என்றால், அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கொடுத்த பதிவு எண் ஐஎன்ஏ என்று தொடங்கும், ஆய்வாளர் என்றால் ஐஎன்எச், செபி தளத்தில் பார்க்கலாம். பதிவே இருந்தாலும் இத்தனை சதவீதம் லாபம் உறுதி என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது.

ஓட்டை என்னவென்றால், எண் உண்மையாக இருக்கலாம், அதைச் சொல்கிற ஆள் வேறாக இருக்கலாம். பதிவேட்டில் இருக்கும் பேர்தான் இந்தப் போனுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பதிவேடு சொல்லாது. எண்ணை அவர் கொடுத்த லிங்க்கில் போய்ப் பார்க்காமல் நீங்களே தளத்தைத் தேடிப் போய்ப் பாருங்கள், அங்கே இருக்கும் முகவரி, போன், மின்னஞ்சல் வழியாகத் தொடர்புகொண்டு கேளுங்கள். எலும்பு டாக்டர் சிறுநீரகத்துக்குச் சொல்வது, கிரிமினல் வக்கீல் பாகப்பிரிவினைக்குச் சொல்வது, இதையும் கவனிக்க வேண்டும்.

விவசாயத்துக்கு இந்த மாதிரிப் பதிவேடு எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் வேளாண் நிபுணர் ஆகலாம், கேமராவும் ஒரு பச்சைத் துண்டும் போதும். அதனால் அங்கே ஆளை விட்டுவிட்டு அவர் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும்.

படி 6: சம்பந்தமில்லாத இடத்தில் சரிபாருங்கள்

அதே குழுவில் இன்னொருவரிடம் கேட்பது சரிபார்ப்பு ஆகாது. ஆறு பேர் ஒரே பதிலைச் சொன்னால் ஆறு பேரும் ஒரே வீடியோவைப் பார்த்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

பயிர் விஷயத்துக்கு நமக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. தர்மபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எலுமிச்சங்கிரியில், காவேரிப்பட்டணம் பக்கம் பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம். இலையையும் கொத்தையும் நேரில் எடுத்துக்கொண்டு போங்கள். போக முடியாவிட்டால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழில் பேசலாம். இவர்கள் சொல்வதும் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை, போனில் சில நேரம் புத்தகத்தில் இருப்பதை வாசிப்பார்கள். ஆனால் ஆன்லைன் ஆள் சொன்னதும் இவர்கள் சொன்னதும் ஒத்துப்போனால் அது இரண்டு தனித்தனிச் சாட்சி.

கையிலேயே இருக்கும் சாட்சி மருந்து டப்பாவின் லேபிள். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு என்று அதில் இருக்கும். உங்கள் பயிரின் பேர் அதில் இல்லை என்றால் அந்தப் பயிரில் அதைப் பயன்படுத்த அங்கீகாரம் இல்லை என்று அர்த்தம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும், சிவப்புதான் கொடிய விஷம். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிக்கு அடிக்கக்கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது, இன்னும் தக்காளிக்கு அதைச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் மண்டிக்குப் போகிற தக்காளியை நம் பிள்ளைகளும்தான் தின்கிறார்கள்.

குடிதண்ணீர் பற்றி ஆன்லைனில் வரும் யோசனைகளுக்கு நம் மாவட்டங்களில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். இங்கே ஆழ்துளைக் கிணற்று நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு பிரச்சினை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். "டிடிஎஸ் மீட்டர்ல முன்னூறுதான் காட்டுது, தாராளமா குடிக்கலாம்" என்று ஒருவர் சொல்வார், மீட்டர் கையில் இருப்பதால் நிபுணர் மாதிரியே தெரிவார். டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்பு மொத்தத்தைத்தான் காட்டும், அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று காட்டாது. காய்ச்சிக் குடியுங்கள் என்பது இன்னொரு யோசனை, கிருமிக்கு நல்லது, ஆனால் ஃபுளோரைடு காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. இதைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு ரிப்போர்ட்டும் எல்லா வாக்குவாதத்தையும் முடித்துவிடும்.

போர்வெல்லுக்கு "சர்வே நம்பர் அனுப்புங்க, சேட்டிலைட்ல பார்த்துப் பாயிண்ட் சொல்றேன், முதல்ல ஜிபே பண்ணுங்க" என்று ஒரு கூட்டம் இருக்கிறது. நம்முடையது பாறை நிலம், தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது, ஒரு வரப்பு தாண்டினால் கதை மாறும். மேலிருந்து எடுத்த படத்தில் தரையின் போக்கு, நீண்ட கோடுகள் தெரியலாம், எண்ணூறு அடிக்குக் கீழே எந்த வெடிப்பில் எத்தனை இன்ச் தண்ணீர் என்று தெரியாது. நிலத்துக்கு வந்து கம்பி அடித்து மின்தடை அளந்து பார்ப்பது ஓரளவு நம்பத் தகுந்தது, அதுவும் வாய்ப்பைத்தான் சொல்லும். வேளாண் பொறியியல் துறையில் இதற்குக் கேட்டுப் பாருங்கள்.

படி 7: அவர் ஊரும் உங்கள் ஊரும் ஒன்றா, அவர் சொன்ன காலமும் இந்தக் காலமும் ஒன்றா

பொய் சொல்கிறவரால் கெட்டதைவிட, வேறு ஊருக்கு உண்மையாக இருப்பதைச் சொல்கிறவரால் கெட்டது அதிகம். ஓசூர், தளி, பேரிகை பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நிலம் வாங்குவது பற்றிக் கேட்டால் பெங்களூர்க்காரர் ஒருவர் காத்தா பாருங்கள், பஹணி பாருங்கள் என்று அக்கறையாக நீளமாக எழுதுவார். எல்லாம் சரி, கர்நாடகத்துக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் நீங்கள் பார்க்க வேண்டியது பட்டா, சிட்டா, அடங்கல், பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்று, அது ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு கொடுத்த பஞ்சமி நிலமா, விற்கக் கட்டுப்பாடு உள்ள நிபந்தனைப் பட்டாவா என்பது.

காலம் மாறியதால் தப்பாகிப்போன பதிலுக்கு, பெண்களுக்குச் சொத்தில் பங்கு என்ற கேள்வியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. "1989-க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கு இல்லீங்க" என்று இன்றைக்கும் பதில் வருகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் 25-3-1989-இல் வந்தபோது அப்படித்தான் இருந்தது, சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது கல்யாணத் தேதியை வைத்துத் தடுக்கும் அந்த விதி அதில் இல்லை. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு, 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறையாகப் பாகம் பிரிந்திருந்தால் கதை வேறு, அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால் இன்னும் வேறு. பழைய பதிலை நம்பி ஒரு அக்கா, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன ஆகும், யோசியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி கோர்ட் வளாகங்களில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, போனில் 15100.

பயிரிலும் காலம் ஓடுகிறது. குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், வரும் அந்தப் புது மாவுப்பூச்சி 2020-இல்தான் முதன்முதலில் கேரளாவில் கண்டுபிடிக்கப்பட்டது, அப்புறம் நம் பக்கம் வந்து காட்டையே மொட்டையடித்தது. அந்த நேரத்தில் வந்த யோசனைகள் எல்லாம் இதை அடி, அதை அடி என்று இருந்தன. அந்த மாவுப்பூச்சியை அழிக்க வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவியை 2022-இல் தமிழ்நாட்டில் விட ஆரம்பித்தார்கள். குளவி வேலை செய்கிற காட்டில் பழைய யோசனையைக் கேட்டுக் கண்டபடி மருந்து அடித்தால் நமக்கு வேலை செய்ய வந்த குளவியையே கொல்கிறோம். பதிலின் தேதியைப் பார்க்காமல் மருந்தைக் கலக்காதீர்கள்.

படி 8: கொஞ்சமாகச் செய்யுங்கள், கொஞ்சத்தைத் தொடாமல் விடுங்கள்

எல்லாம் பார்த்தாயிற்று, சரி என்று படுகிறது. அப்போதும் தோட்டம் முழுக்க இறங்க வேண்டாம். ரெண்டு மரம், ஒரு பாத்தி, ஒரு வரிசை. அதே நிலையில் இருக்கும் இன்னும் ரெண்டு மரத்தை ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டுவையுங்கள், ரிப்பன் கட்டி அடையாளம் வையுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. மருந்து அடித்த வாரமே வானம் தெளிந்து பனி நின்றிருக்கும், பூ தானாகத் தேறியிருக்கும், பேர் மருந்துக்குப் போய்விடும், அடுத்த வருஷம் அதே ஆள் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வோம். தொடாமல் விட்ட மரமும் அதே அளவு தேறியிருந்தால் அந்த மருந்துக்குக் கொடுத்த காசு வீண்.

உடம்புக்கு இந்தப் படி செல்லாது. கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று மாத்திரையில் விளையாடக் கூடாது, ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறேன் என்பது அதைவிட மோசம்.

படி 9: காசு என்ற பேச்சு வந்தால்

அறிவுக்குக் காசு வாங்குவதில் தப்பில்லை, நல்ல ஆலோசகர் வாங்கத்தான் செய்வார். ரசீது, பேர், முகவரி, பதிவு எண் இல்லாமல் முன்பணம் கேட்பதுதான் பிரச்சினை. ஏமாந்துவிட்டீர்கள் என்று தெரிந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் தள்ளினால் பணம் பல கணக்குத் தாண்டிப் போயிருக்கும். முதலில் பேங்க்குக்குப் போகிறேன், ஊர்ப் பெரியவரிடம் சொல்கிறேன் என்று அலைவது அப்புறம்.

படி 10: தப்பாகப் போனால், சரியாகப் போனாலும்

யோசனை கேட்டு வாங்கிய மருந்தால் பயிர் போய்விட்டால் டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். பில், டப்பா, பேட்ச் எண், மீதி மருந்து, கருகிய செடியின் படம் தேதியோடு, அந்த ஆளோடு பேசியதன் ஸ்க்ரீன்ஷாட், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவர் பதிலை அழித்துவிட்டுப் போக ஒரு நொடி போதும், அதனால் ஸ்க்ரீன்ஷாட் முதலில். வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கோ, மா, தக்காளி மாதிரி தோட்டக்கலைப் பயிர் என்றால் தோட்டக்கலை உதவி இயக்குநருக்கோ எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மருந்திலேயே கோளாறு என்றால் பில்லை வைத்து நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பில் இல்லாமல் "வீட்டுக்கே அனுப்பறேன்" என்று பார்சலில் வந்த சரக்குக்கு இதில் எதுவுமே நிற்காது.

சரியாகப் போயிருந்தால், கேட்ட இடத்திலேயே திரும்பப் போய் எழுதுங்கள். என்ன செய்தீர்கள், எந்தத் தேதியில், எத்தனை மரத்தில், தொடாமல் விட்டது எப்படி இருக்கிறது என்று படத்தோடு. ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். கேள்வி கேட்டுவிட்டு மறைந்துபோகிறவர்கள்தான் அதிகம், அதனால் எந்த யோசனை பலித்தது என்று அடுத்து தேடி வருகிறவருக்குத் தெரிவதே இல்லை. எழுதும்போது ஊர்ப் பேரையும் சேர்த்துப் போடுங்கள், அரூரா அஞ்செட்டியா என்று. இரண்டுக்கும் மழையும் மண்ணும் வேறு.